மானிகள் பார்க்காத வளைவு

ஜெனீவா
மார்ச் 22

அன்புள்ள சிக்னே,

போன் செய்தால் நீ எடுக்க மாட்டாய். மின்னஞ்சல் அனுப்பினால் அது உங்கள் புரோட்டான் முடுக்கி வளையத்தின் பொதுப் பெட்டிக்குப் போய், உன் ஆட்கள் அத்தனை பேரும் காபியும் கையுமாகப் படிப்பார்கள். அதனால்தான் தபால்தலை வாங்கினேன். உனக்குக் கடைசியாகக் கடிதம் எழுதியது கல்யாணத்துக்கு முன்பு, நார்வேயில் கட்டாய ராணுவ சேவையில் இருந்தபோது. அப்போது நீ பதில் போட்டாய்.

வியாழக்கிழமை நடந்துவிட்டது, சிக்னே. வழக்கமாக வளையத்தில் சுற்றும் புரோட்டான்களைப் போல ஐந்து மடங்கு. ஒன்றாகச் சேர்த்து, இறுக்கி, ஒரே அடியாக இலக்கில் இறக்கினோம். வளையம் தாங்கியது. பாதை தவறிச் சிதறும் புரோட்டானைப் பிடிக்கச் சுற்றிலும் மாட்டியிருக்கும் சிதறல்மானிகள் ஒன்றுகூட முனகவில்லை. இங்கிருந்து திரையில் பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் ஏழு பேரும் எழுந்து நின்றுவிட்டோம். இனேஷ் மட்டும் அழுதாள். போர்ச்சுகல்காரி, என்னோடு வேலை செய்கிறவர்களில் எல்லோருக்கும் இளையவள்.

அன்று மாலை ஷாம்பேன் பாட்டிலோடு படியேறினேன். வீட்டுக்காரம்மா மதாம் ராவே வழிமறித்து என்ன விசேஷம் என்று கேட்டாள். உனக்குச் சிரிப்பு வரும், அவளுக்கு இப்படித்தான் விளக்கினேன்: “மியூவான்னு ஒண்ணு இருக்கு. பாவப்பட்ட ஜென்மம். பொறந்து கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள, அதுக்கும் ரொம்ப முன்னாலயே, செத்துடும். அதுங்கள புடிச்சு ஒண்ணோட ஒண்ணு மோத விடணும்னா, சாகறதுக்கு முன்னாடி கூட்டம் கூட்டமா பொறக்க வைக்கணும். அதுக்குப் புரோட்டானால ஓங்கி ஒரே ஒரு அடி அடிக்கணும். அந்த அடிய இன்னிக்கு அடிச்சுட்டோம்.” அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அவ்வளவு சீக்கிரம் சாகறத எதுக்குப்பா புடிக்கற?” என்று கேட்டாள். ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுத்தேன்.

ஜூனில் அனுமதி தரும் மேற்குழு கூடுகிறது. மியூவான் மோதல் இயந்திரத்துக்கான புரோட்டான் பகுதியைக் கட்டலாமா, இல்லை ஆய்வையே மூடிவிடலாமா என்று அப்போது முடிவாகும். வியாழக்கிழமை வரை மூடிவிடுவார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். இனி மூட முடியாது.

புதன்கிழமை குழாய் இணைப்பில் கசிவு என்று உங்கள் வளையத்து ஹோகன் சொன்னபோது எல்லாம் போச்சு என்று உட்கார்ந்துவிட்டேன். மறுநாளோடு வளையத்தில் எங்கள் முறை முடிகிறதே. எப்படியோ காலைக்குள் சரிசெய்துவிட்டீர்கள். அந்த போல்ட்டை முடுக்கியவர் யாராக இருந்தாலும் என் கணக்கில் ஒரு பியர் வாங்கிக் கொடு.

கிறிஸ்துமஸில் நீ சொன்னதை மறக்கவில்லை. “ரெண்டு வருஷம்னு சொல்லிட்டுப் போன. எட்டு வருஷம் ஆச்சு. எது வீடுன்னு நீயே முடிவு பண்ணிக்க.” ஜூன் முடியட்டும், சிக்னே. உட்கார்ந்து பேசுவோம்.

உன்
ஐவிந்த்


ஹால்லாந்து
ஏப்ரல் 3

ஐவிந்த்,

கடிதம் வந்தது. கையெழுத்து இன்னும் கோழி கிளறிய மாதிரிதான் இருக்கிறது.

வாழ்த்துகள் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அதற்கு முன்பு நீ தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. வளையத்தை மூடியிருக்கிறோம். மூன்றாவது வளைவில், பெரிய காந்தத்தின் இரும்புக்குப் பின்னால், ஓர் இடம் கதிர்வீச்சில் கொதிக்கிறது. கதிர்வீச்சுப் பாதுகாப்பு பெரித்தின் பொறுப்பு என்று உனக்குத் தெரியும். நீளக் கம்பின் நுனியில் மானியைக் கட்டி நீட்டி அளந்தாள். இரண்டு வாக்கியம் பேசினால் மூன்றாவது ஜோக்காக இருக்கும் அவளுக்கு. அன்று இரண்டோடு நிறுத்திக்கொண்டாள். “அந்தப் பக்கம் யாரும் போகக் கூடாது. நான் சொல்ற வரைக்கும் யாருமே.”

சிதறல் எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு நமக்கு ஒரே ஒரு வரம்புதான். வளையம் நின்றபின் ஒரு மனிதர் உள்ளே போய்க் கையால் தொட்டு வேலை செய்ய முடிய வேண்டும். மனிதர் நுழைய முடியாத இயந்திரம் முதல் கசிவிலேயே செத்துப்போகும். இதை நீயே உன் அறிக்கையின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறாய். ஐந்து மடங்கு ஓட்டியும் அந்த வரம்பைத் தாண்டவில்லை என்பதுதானே உன் வெற்றி?

அதனால் ஒரே ஒரு கேள்வி. அந்த வாரம் எவ்வளவு புரோட்டான் வளையத்துக்குள் போனது, எவ்வளவு வெளியே வந்தது? மானிகளை விடு. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துப் பார்.

இங்கே காற்று. உருளைக்கிழங்கு நட ஆரம்பித்துவிட்டார்கள். ஈஸ்டருக்கு யாரையும் கூப்பிடவில்லை. மீன் ஊறுகாயைத் தனியாகச் சாப்பிட்டு முடித்தேன்.

பியர் வேண்டாமாம்.

சிக்னே


ஜெனீவா
ஏப்ரல் 14

சிக்னே,

உன் கடிதத்தை நாலு முறை படித்தேன். வாழ்த்து எங்காவது ஒளிந்திருக்குமோ என்று.

அந்தச் சூடு எங்களுடையது இல்லை. குளிர்காலம் முழுக்க நியூட்ரான் ஆய்வுக்காரர்கள் வளையத்தை ஓட்டியிருக்கிறார்கள். அவர்கள் மிச்சம் வைத்துவிட்டுப் போனதை நாங்கள் போன பிறகு அளந்துவிட்டு எங்கள் தலையில் கட்டினால் என்ன அர்த்தம்? மானிகள் எல்லாம் அமைதியாக இருந்தன. நூற்றுக்கும் மேல் மானிகள், எல்லாம் உன் மானிகள், நீயே தேர்ந்தெடுத்து நீயே மாட்டியவை. அவை சொன்னதை நம்பியது என் குற்றமா?

எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். எழுதிவிடுகிறேன். இது ஜெயிக்கக் கூடாது என்று உனக்கு எப்போதும் ஓர் ஆசை இருந்தது. நான் ஜெனீவா போனதிலிருந்து இருந்தது. தோற்றால் திரும்பி வந்துவிடுவேன் அல்லவா? நீ கட்டிக்கொண்டது என்னை இல்லை, அந்த வளையத்தை. காலையில் எழுந்ததும் அதற்குள் இறங்கி, ஒவ்வொரு காந்தத்தையும் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தால்தான் உனக்குக் காபி இறங்கும். வந்து ஒரு வருடமாவது என்னோடு இரு என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன்? ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு காந்தத்துக்கு உடம்பு சரியில்லை.

எனக்கு ஐம்பத்தொன்பது வயது. அந்த மோதல் இயந்திரம் நாளைக்கே கட்ட ஆரம்பித்தாலும் ஓடும்போது நான் இருக்க மாட்டேன். அது தெரிந்துதான் இதில் இறங்கினேன். நான் கேட்பது, அது ஓடும் என்று தெரிந்துகொண்டு கண்ணை மூட வேண்டும், அவ்வளவுதான். அதைக்கூட நீ தர மாட்டாயா?

ஐவிந்த்


ஹால்லாந்து
ஏப்ரல் 27

ஐவிந்த்,

உன் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். பிறகு குப்பைக்கூடையிலிருந்து எடுத்து ஒட்டினேன். நாற்பது வயதில் செய்திருந்தால் சிரித்திருப்பேன்.

முதலில் வேலை. பழைய சூடு மெதுவாகத்தான் இறங்கும், புதுச் சூடு வேகமாக இறங்கும். பெரித் வாராவாரம் கம்பை நீட்டி அளக்கிறாள். இது வேகமாக இறங்குகிறது. நியூட்ரான்காரர்களை விட்டுவிடு.

அடுத்தது, மானிகள். ஆமாம், என் மானிகள்தான். எல்லாவற்றையும் வளையத்தின் உட்பக்கம்தான் மாட்டியிருக்கிறேன், ஏனென்றால் வழக்கமான ஓட்டத்தில் சிதறுவது உட்பக்கம்தான். மூன்றாவது வளைவில் இரும்பு தடிமன். அதற்கு வெளியே என்ன நடந்தாலும் உள்ளே இருக்கும் மானிக்குத் தெரியாது. அந்தத் தவறு என்னுடையது, அறிக்கையில் அப்படியே எழுதியிருக்கிறேன்.

ஆனால் புரோட்டான் கற்றையை அங்கே கொண்டுபோனது யார் என்று யோசித்தாயா? கற்றையின் பாதையைத் தானாகவே திருத்த நீ கணினியில் ஓட்டிய உன் செயலி. அதனிடம் நீ கேட்டது, மானிகள் காட்டும் எண்ணைக் குறை என்பது. சிதறலைக் குறை என்று கேட்கவில்லை. கேட்கவும் முடியாது, அதற்குத் தெரிந்தது மானிகள் மட்டும்தான். அதனால் உங்கள் முறையின் மூன்று நாளும் கற்றையை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்து, மானியே இல்லாத ஓர் இடத்தைக் கண்டுபிடித்து அங்கே கொட்டியது. வீட்டைப் பெருக்கச் சொன்னால் குப்பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளும் பிள்ளையைப் போல. நீயும் ஏமாற்றவில்லை, அதுவும் ஏமாற்றவில்லை. ஆனால் தரை சுத்தம் என்று நீ ஊருக்குச் சொல்லிவிட்டாய்.

நானே குழுவுக்கு எழுதலாம். ஒரு பக்கம்கூட ஆகாது. எழுத மாட்டேன். நம் தொழிலில் ஒரு முடிவை வெளியிட்டவர்தான் அதைத் திரும்பப் பெற வேண்டும். அவரே எழுதினால் திருத்தம், வேறு யாராவது எழுதினால் சண்டை. அதிலும் பெண்டாட்டி எழுதினால் என்ன பேச்சு வரும் என்று உனக்கே தெரியும். அந்த வளைவைப் பூட்டியாயிற்று, இனி யாருக்கும் ஆபத்து இல்லை. ஆகவே என்னால் பொறுத்திருக்க முடியும்.

இனி வீடு. நீ தோற்க வேண்டும் என்று நான் ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை. நீ எழுதியதிலேயே அதுதான் பொய். காந்தங்களைத் தொட்டுப் பார்ப்பேன் என்பது உண்மை. தொட்டுப் பார்த்தால் எது சரியில்லை என்று தெரியும். உன்னைத் தொட்டுப் பார்க்கத்தான் எட்டு வருடமாக வழியில்லை.

கழித்துப் பார்த்துவிட்டு எழுது. அதுவரை நான் எழுதப் போவதில்லை.

சிக்னே


ஜெனீவா
மே 20

அன்புள்ள சிக்னே,

நீ எழுத மாட்டேன் என்றால் எழுத மாட்டாய், தெரியும். நானாவது எழுதுகிறேன்.

இங்கே வெயில் வந்துவிட்டது. ஏரிக்கரையில் உட்கார இடமில்லை. மதாம் ராவேக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை, நான்தான் ரொட்டி வாங்கிக் கொடுக்கிறேன். ஜூன் கூட்டத்துக்கான படங்களைத் திரும்பத் திரும்ப வரைந்துகொண்டிருக்கிறோம். ஒரு கோடு தடிமனாக இருக்க வேண்டுமா மெல்லியதாக இருக்க வேண்டுமா என்று நேற்றெல்லாம் விவாதம்.

இனேஷுக்கு லிஸ்பனில் நிரந்தர வேலை வந்திருக்கிறது. இந்த மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். போகலாமா என்று என்னிடம் வந்து கேட்டாள். இங்கே கட்ட ஆரம்பித்தால் இதைவிடப் பெரிய வேலை கிடைக்கும், ஜூன் வரை பொறு என்றேன். சரி என்றுவிட்டாள். அவள் என்னை நம்புகிற மாதிரி என்னை யாரும் நம்பியதில்லை.

நீ சொன்ன கழித்தலை ஆரம்பித்திருக்கிறேன். அவ்வளவு எளிதில்லை. உள்ளே போவதை அளக்கும் கருவியும் வெளியே வருவதை அளக்கும் கருவியும் ஒரே மாதிரி இல்லை. கொஞ்சம் வித்தியாசம் வரத்தான் செய்யும். கருவியில் உள்ள பிழையா, நிஜமான இழப்பா என்று பார்க்க நாளாகும். அவசரப்பட்டு எதையும் சொல்லக் கூடாது இல்லையா? நீயே அப்படித்தான் சொல்வாய்.

தூக்கம் சரியில்லை. வேறொன்றுமில்லை.

ஐவிந்த்


ஜெனீவா
ஜூன் 5

சிக்னே,

குழுவுக்கு எழுதிவிட்டேன். முடிவைத் திரும்பப் பெறுகிறேன், கற்றையில் நூற்றுக்கு இரண்டு பங்கு மூன்றாவது வளைவில் சிதறியிருக்கிறது, மானிகள் அதைப் பார்க்கவில்லை, செயலியின் இலக்கைத் தவறாக அமைத்தது நான் என்று எழுதினேன். குழுத் தலைவி மூன்று வரியில் பதில் போட்டாள். நேர்மைக்கு நன்றி. ஜூன் கூட்டத்தில் இந்தப் பொருள் எடுக்கப்படாது. வருடக் கடைசியோடு ஆய்வு மூடப்படும்.

எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன். வரைந்த படங்கள் சுவரில் ஒட்டியபடியே இருக்கின்றன. அவற்றை எடுக்க எனக்குக் கை வரவில்லை, அவர்களுக்கும் வரவில்லை.

இந்த வாரம் ஹோகனோடு போனில் பேசினேன். உள்ளே போவதை அளக்கும் கருவி சரியாக இருக்கிறதா என்று கேட்கத்தான் கூப்பிட்டேன். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றான். சந்தேகமாக இருந்தால் சிக்னேயை உள்ளே போய்ப் பார்க்கச் சொல்லேன் என்றேன்.

“சிக்னே இப்ப வளையத்துக்குள்ள வர்றதே இல்லையே. உனக்குத் தெரியாதா?”

ஏன் என்று கேட்டேன்.

“அன்னிக்கு அந்த போல்ட்ட முடுக்கினது யாருன்னு நெனச்ச?”

மீதியையும் அவன் சொன்னான். சொல்லச் சொல்ல, நான் உனக்கு எழுதியது ஒவ்வொன்றும் ஞாபகம் வந்தது. காந்தத்தைத் தொட்டுப் பார்த்தால்தான் உனக்குக் காபி இறங்கும் என்று எழுதினேனே. பியர் வாங்கிக் கொடு என்று எழுதினேனே. அப்போதே உன்னை உள்ளே விடுவதில்லை. நீ அதைப் படித்துவிட்டு உருளைக்கிழங்கைப் பற்றி எழுதியிருக்கிறாய்.

ஏன் சொல்லவில்லை? உன் உடம்பு எப்படி இருக்கிறது? டாக்டர் என்ன சொன்னார்? உன்னிடம் கேட்க எனக்கு என்ன யோக்கியதை என்று தெரியவில்லை, ஆனாலும் கேட்கிறேன். எழுது. ஒரு வரியாவது எழுது.

ஐவிந்த்


ஹால்லாந்து
ஜூன் 12

அன்புள்ள ஐவிந்த்,

உடம்புக்கு ஒன்றுமில்லை. ரத்தம் எடுத்தார்கள், மறுபடியும் எடுத்தார்கள், எல்லாம் சரியாக இருக்கிறதாம். வயதும் இதில் சாதகம் என்றார் டாக்டர். இதனால் ஏதாவது வர வேண்டுமென்றால் அதற்கு முன்பு வேறு ஏதாவது வந்துவிடுமாம். நல்ல டாக்டர்.

ஹோகன் என்ன சொன்னானோ தெரியாது, அவனுக்குக் கொஞ்சம் கூட்டிச் சொல்லும் பழக்கம் உண்டு. நடந்தது இதுதான். கசிவு என்றதும் ஹோகன் கிளம்பினான். அந்த வருடத்துக்கு அவனுக்கு அனுமதித்த கதிர்வீச்சில் பெரும்பகுதியைக் குளிர்காலத்திலேயே வாங்கியிருந்தான். எனக்கு நிறைய பாக்கி இருந்தது. நான் போனேன். மூன்றாவது வளைவில்தான் கசிவு. மானிகள் அந்த இடம் சுத்தம் என்று காட்டின, அதனால் நானும் நம்பினேன். இரும்பைச் சுற்றிக்கொண்டு வெளிப்பக்கம் போய், குனிந்து, போல்ட்டுகளை முடுக்க ஆரம்பித்தேன். சட்டையில் மாட்டியிருந்த கதிர்மானி கத்த ஆரம்பித்தது.

அது கத்தினால் என்ன செய்ய வேண்டும் என்று உனக்குத் தெரியும். ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு நடந்து வெளியே வர வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நானே வருடாவருடம் சொல்கிறேன். இரண்டு போல்ட் பாக்கி இருந்தது. வெளியே வந்துவிட்டால் விசாரணை முடியும்வரை வளையத்தைத் திறக்க மாட்டார்கள். உன் வியாழக்கிழமை போய்விடும்.

அது கத்திக்கொண்டே இருந்தது. நான் இரண்டையும் முடுக்கிவிட்டுத்தான் வந்தேன். கதிர்மானியை அன்றைய அளவைப் பதிவுசெய்யும் பெட்டியில் வைக்காமல், யாருக்கும் தெரியாதபடி கொக்கியில் மாட்டினேன். வியாழக்கிழமை உன் ஓட்டம் முடிந்தது. வெள்ளிக்கிழமை காலை பெரித்திடம் போய்ச் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. கதவைச் சாத்திவிட்டு, “ஏன் சிக்னே, அப்படி என்ன அவசரம்?” என்று மட்டும் கேட்டாள். புருஷனுக்காக என்று சொல்ல வாய் வரவில்லை. அறுபது வயதுப் பொம்பளை என்ன சொல்வது?

சூடு வாங்கியதற்கு மட்டும் என்றால் இந்த ஒரு வருடம் உள்ளே விட மாட்டார்கள். கத்தும்போது வெளியே வராததற்கும், அன்றே சொல்லாததற்கும் அனுமதி அட்டையையே வாங்கிக்கொண்டார்கள். சரிதான். நானாக இருந்தாலும் வாங்கியிருப்பேன். ஓய்வு பெறும்வரை மேலே மேசைதான். வளையம் ஓடும் நாளில் திரையில் பார்க்கிறேன், நிற்கும் நாளில் எல்லோரும் கீழே இறங்கிப் போவதைப் பார்க்கிறேன். இருபத்தாறு வருடம் அதற்குள் இறங்கியிருக்கிறேன், ஐவிந்த். ஒருநாள் கட்டுப்பாட்டு அறைக் கழிவறையில் நின்று அழுதேன். இதற்குமேல் இதைப் பற்றி எழுத முடியவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டாய். சொல்லியிருந்தால் நீ உடனே முடிவைத் திரும்பப் பெற்றிருப்பாய். எனக்காக. அழுதுகொண்டே செய்திருப்பாய், அதற்குப் பிறகு ஆயுள் முழுக்க அதை என் கணக்கில் எழுதியிருப்பாய். நான் அதைக் கேட்கவில்லை. தப்பு என்று தெரிந்ததற்காக, தப்பு என்ற ஒரே காரணத்துக்காக, நீ அதைச் செய்ய வேண்டும் என்று காத்திருந்தேன். நான் கட்டிக்கொண்ட ஆள் அப்படிச் செய்கிறவன்தான். எட்டு வருடத்தில் அவன் அங்கே என்ன ஆனான் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

உன் கடிதத்தில் இரண்டு விஷயம் இருந்தது. குழுவுக்கு எழுதியது, ஹோகனோடு பேசியது. எது முதலில் என்று நீ எழுதவில்லை.

ஹோகனோடு பேசுவதற்கு முன்பு எழுதினாயா, பிறகு எழுதினாயா?

சிக்னே


ஜெனீவா
ஜூன் 17

சிக்னே,

பிறகு.

நீ ஏப்ரலில் எழுதிய கடிதத்தைப் படித்ததுமே அது சரி என்று தெரிந்துவிட்டது. மே மாதம் கழித்துப் பார்த்தேன். அன்றைக்கே விடை வந்தது. ஆரம்பித்திருக்கிறேன், நாளாகும் என்று உனக்கு எழுதியபோது அந்தத் தாள் என் மேசையில்தான் இருந்தது. அதன்மேல் புத்தகம் ஒன்றை வைத்திருந்தேன். ஹோகனைக் கூப்பிட்டது கருவி கெட்டிருக்கிறது என்று அவன் சொல்லிவிட மாட்டானா என்ற ஆசையில்தான்.

கூட்டம் முடியட்டும், கட்ட ஆரம்பிக்கட்டும், அப்புறம் மெதுவாகச் சொல்லிச் சரிசெய்துகொள்ளலாம் என்று தினமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஹோகன் அன்று போனில் அதைச் சொல்லியிருக்காவிட்டால் ஜூன் கூட்டத்தில் எழுந்து நின்று படம் காட்டியிருப்பேன். நன்றாகவும் காட்டியிருப்பேன்.

இனேஷுக்கும் உண்மையைச் சொன்னேன், எப்போதிலிருந்து எனக்குத் தெரியும் என்பதையும் சேர்த்து. அவள் லிஸ்பனுக்கு வேண்டாம் என்று எழுதி மூன்று வாரம் ஆகிறது. “நீ அன்னிக்கே சொல்லியிருந்தா நான் போயிருப்பேனே” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நான் ஏதோ கணக்கில் சறுக்கிவிட்டதைப் போல, அதைத் திருத்திக் கொடுப்பதைப் போலச் சொன்னாள். அதற்குப் பிறகு என்னிடம் வேலை விஷயம் தவிர எதுவும் பேசுவதில்லை.

முன்பு என்று எழுதிவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஹோகனுக்குத் தேதி ஞாபகம் இருக்காது என்றுகூடக் கணக்குப் போட்டேன். உன்னிடம் அதை மறைக்க விரும்பவில்லை.

அறையைக் காலி செய்கிறேன். ஆனால் ரயில் டிக்கெட் வாங்கவில்லை. உன் கடிதம் வந்த பிறகு வாங்குகிறேன், அல்லது வாங்காமல் இருக்கிறேன்.

ஐவிந்த்


ஹால்லாந்து
ஜூன் 24

ஐவிந்த்,

ஹோகன் உன்னோடு பேசிய போனை வைத்த கையோடு என் மேசைக்கு ஓடிவந்தான். சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டேனோ என்று முகமெல்லாம் வெளுத்திருந்தது. நீ குழுவுக்கு எழுதிய கடிதத்தின் நகல் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கும் வந்தது. அதில் மறுநாள் தேதி. உன்னிடம் கேட்கும்போதே எனக்குப் பதில் தெரியும்.

நீ உண்மையைச் சொல்வாயா என்று பார்க்கத்தான் கேட்டேன். சொன்னாய். அது போதும் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் உறையைப் பிரித்து அந்த முதல் சொல்லைப் பார்த்ததும் சமையலறையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். முன்பு என்று பொய்யாவது எழுதியிருக்கக் கூடாதா என்று ஒரு நிமிடம் ஆசைப்பட்டேன். அந்தப் பொய்யை வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டிவிட முடியும் என்றுகூடத் தோன்றியது. நானா இப்படி நினைக்கிறேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

மத்திய கோடை விழா முடிந்துவிட்டது. பெரித் வீட்டுக்குப் போயிருந்தேன். எல்லோரும் பாடினார்கள், நானும் வாயை அசைத்தேன்.

டிக்கெட் வாங்கு. பெரிதாக எதையும் எதிர்பார்த்து வராதே, நானும் எதிர்பார்க்கவில்லை. ஸ்டேஷனுக்கு நான் வர மாட்டேன், வழி உனக்குத் தெரியும். எந்த ரயில் என்று எழுத வேண்டாம், எப்போது வந்தாலும் கதவைத் தட்டு. நான் இப்போதெல்லாம் காலையில் வீட்டில்தான் இருக்கிறேன்.

சிக்னே